காது மிஷின் பழகுறது எப்படி: வாங்குறதுக்கு முன்னாடியிருந்து மூணாவது மாசம் வரைக்கும்

நான் 19 வருசம் விசைத்தறி ஓட்டுனவன்ங்க, சோமனூர் பக்கம். 12 மணி நேர ஷிப்ட், காதுல பஞ்சு கூட வெக்காம. இப்ப ரெண்டு காதுலயும் மிஷின் போட்டு ஆறு வருசம் ஆச்சு, கூடவே ராத்திரி பகல்னு இல்லாம காதுக்குள்ள "ஙொய்ங்"னு ஒரு இரைச்சல். நான் போட்டதப் பாத்து எங்க பெரியம்மாவுல இருந்து பழைய தறிக்காரங்க வரைக்கும் ஒரு எட்டுப் பத்து பேர் எங்கூட வந்து மிஷின் வாங்குனாங்க, அதுல பாதிப் பேரு முதல் மாசமே கழட்டி டப்பாவுல போட்டு பீரோவுல பூட்டிட்டாங்க. மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல, பழகுன வரிசைதான் தப்பு. வாங்குன மறுநாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுட்டுப் போனா யாருக்கா இருந்தாலும் தூக்கி வீசத்தான் தோணும். அதனால கீழ இருக்கறத வரிசையா படிங்க, தாண்டிக் குதிக்காதீங்க.

1. கடைக்கு முன்னாடி இஎன்டி டாக்டர்

நேரா மிஷின் கடைக்குப் போறவங்கதான் ஜாஸ்தி. அது தப்பு, ஏன்னா காது கேக்காததுக்கு வெறும் குறும்பி அடைச்சிருக்கறது கூட காரணமா இருக்கலாம், செவிப்பறைல ஓட்டை இருக்கலாம், சீழ் இருக்கலாம். இதெல்லாம் வைத்தியத்துல சரியாகுற சமாச்சாரம். குறும்பி இருக்கும்போது டெஸ்ட் எடுத்தா ரிப்போர்ட்டும் தப்பா வரும்.

சில விஷயத்துக்கு நாள் கடத்தவே கூடாது. நேத்து வரைக்கும் நல்லா கேட்ட காது ஒண்ணு திடீர்னு கேக்காம போச்சுன்னா அன்னிக்கே டாக்டரப் பாக்கணும், ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் குடுத்தாத்தான் திரும்ப கேக்க வாய்ப்பு ஜாஸ்தி, ரெண்டு மூணு வாரம் "சளி புடிச்சிருக்கும்"னு விட்டுட்டா அந்த வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிரும். அதே மாதிரி ஒரே காதுல மட்டும் இரைச்சல், இதயம் துடிக்கிற தாளத்துல இரைச்சல், இரைச்சலோட தலை சுத்தல், காதுல சீழ், இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட தெளிவா சொல்லிருங்க, தேவைப்பட்டா ஸ்கேன் எழுதுவாரு.

போகும்போது சாப்பிடுற மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. முன்னாடி ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் மாதிரி ஊசி போட்டிருந்தாலும், கேன்சருக்கு சிஸ்பிளாட்டின் ஏத்தியிருந்தாலும் சொல்லணும், இதெல்லாம் உள்காத பாதிக்கிற மருந்துங்க.

பட்ஸ், கொண்டை ஊசி, சுடவெச்ச எண்ணெய், எதுவும் வேண்டாம். பட்ஸ் குறும்பிய வெளிய எடுக்காது, இன்னும் உள்ளதான் தள்ளும்.

2. டெஸ்டுக்கு முந்தின நாள் சத்தத்துல இருக்காதீங்க

இத யாரும் சொல்லித் தர்றதில்ல. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு காலைல நேரா டெஸ்டுக்குப் போனா காது மரத்துப் போயிருக்கும், இருக்கறதவிட மோசமா காட்டும். ஒரு 16 மணி நேரமாவது தறி, செண்டை மேளம், டிஜே எதுவும் இல்லாம இருந்துட்டுப் போங்க.

டெஸ்ட் சத்தம் வராத ரூமுக்குள்ள ஹெட்போன் மாட்டி எடுக்கணும். கடைக்குள்ள, வெளிய பஸ் ஹாரன் கேக்குற எடத்துல உக்கார வெச்சு எடுத்தா எந்திரிச்சு வந்துருங்க.

3. ஆடியோகிராம் (காது டெஸ்ட் ரிப்போர்ட்) பேப்பர் உங்களோடது, கையோட வாங்கிக்கங்க

அதுல செவப்பு வட்டம் வலது காது, நீலத்துல பெருக்கல் குறி இடது காது. இடமிருந்து வலமா போகப் போக சத்தம் கீச்சுனு ஆகும், 250 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 8000 வரைக்கும். மேல இருந்து கீழ டெசிபல், கோடு கீழ எறங்க எறங்க காது மந்தம். 25 டெசிபலுக்குள்ள இருந்தா பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல.

என்னோடது 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கிட்டத்தட்ட நல்லாவே இருந்துச்சு, அப்பறம் 4000 கிட்ட குழில விழுந்த மாதிரி 65. தறி, கிரைண்டிங், பட்டறைனு சத்தத்துல வேலை செஞ்சவங்களுக்கு அந்த 4000 பக்கத்துலதான் முதல்ல குழி விழும். பேப்பரப் பாத்தவுடனே டெஸ்ட் எடுத்து மிஷின் செட் பண்ணித் தர்ற ஆடியாலஜிஸ்ட் பொண்ணு "அண்ணா நீங்க தறிங்களா"ன்னு கேட்டுச்சு.

இது ஏன் தெரிஞ்சுக்கணும்னா, "சத்தம் கேக்குது ஆனா பேச்சு புரியல"ன்னு நம்ம சொல்றதுக்கு இதுதான் அர்த்தம். அ, ஆ, ஓ மாதிரி உயிர் எழுத்து எல்லாம் கனமான சத்தம், அது வந்துரும். க, ச, த, ப, ட மாதிரி எழுத்தப் பிரிச்சுக் காட்டுறது மேல் ஸ்தாயில இருக்கற மெல்லிசான சத்தம், அது காணாம போயிரும். ஒரு நாள் வீட்டுல அடுப்படில இருந்து "ஏனுங், அந்தக் கத்திய எடுத்துட்டு வாங்க"ன்னு சத்தம் குடுத்துச்சு, நான் சாமி ரூம்ல இருந்து பத்திக்கட்ட எடுத்துட்டுப் போயி நின்னேன். அவளுக்கு நான் கிண்டல் பண்றேன்னு கோவம். கத்தி, பத்தி, ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசமே கேக்கல, அவ்ளோதான் விஷயம். இந்தப் பேப்பர வீட்ல இருக்கறவங்களுக்கும் காட்டி வெளக்குங்க, "வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கிறாரு"ங்கற சண்டை பாதி குறையும்.

4. வாங்குறப்ப பாக்க வேண்டியது

ஆன்லைன்ல 1500, 2000 ரூபாய்க்கு "காது மிஷின்"னு விக்கிறது எல்லாம் பெரும்பாலும் வெறும் ஆம்ப்ளிஃபயர். உங்க பேப்பர்ல எங்க குழி இருக்கோ அங்க மட்டும் தூக்கி விடுறதுதான் மிஷினோட வேலை, ஆம்ப்ளிஃபயர் எல்லாத்தையும் சேத்துத் தூக்கும், மிச்சம் இருக்கற காதும் கெடலாம்.

ஆர்சிஐல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பண்ணுன ஆடியாலஜிஸ்ட் இருக்கற எடமா பாருங்க. ரெண்டு காதும் மந்தமா இருந்தா ரெண்டுக்கும் வாங்குங்க, காசு மிச்சம் புடிக்க ஒண்ணு மட்டும் வாங்குனா சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாது, ரோட்ட தாண்டுறப்ப அது ஆபத்து. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது ட்ரையல் கேளுங்க, குடுக்க மாட்டேன்னா வேற எடம் பாருங்க. காதுக்குள்ள மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு சத்தம் செவிப்பறை வரைக்கும் சரியா வருதான்னு அளக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ரியல் இயர் மெஷர்மெண்ட்னு பேரு, அந்த வசதி இருக்கற எடம் கெடச்சா விடாதீங்க.

சேனல் (சத்தத்த எத்தன பிரிவா பிரிச்சு சரி பண்ணும்ங்கற கணக்கு) 16, 24, 32னு சொல்லி வெலைய ஏத்துவாங்க. என் அனுபவத்துல அதவிட முக்கியம் கடை உங்க ஊருல இருந்து ஒரு பஸ்ல போயிட்டு வர்ற தூரத்துல இருக்கணும், ஏன்னா முதல் மூணு மாசத்துல நாலஞ்சு தடவ போக வேண்டியிருக்கும்.

கை நடுங்குற வயசானவங்களுக்கு காதுக்குள்ள போற குட்டி மிஷின் வேண்டாம், காதுக்குப் பின்னாடி மாட்டுறது, அதுலயும் சார்ஜ் போடுறது நல்லது. செல் போடுற மாடல்னா ஆரஞ்சு ஸ்டிக்கர் 13 நம்பர், பழுப்பு ஸ்டிக்கர் 312 நம்பர். 13 கொஞ்சம் பெருசு, கைல நிக்கும், நாளும் ஜாஸ்தி வரும்.

காசு இல்லாதவங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல ஆபீஸ்ல கேளுங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தர்ற மத்திய அரசோட ஏடிப் திட்டத்துலயும் மிஷின் தர்றாங்க, சென்னை முட்டுக்காட்டுல இருக்கற பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துல டெஸ்ட், மிஷின் ரெண்டும் உண்டு. ஆனா ஒண்ணு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி காது கேளாமைன்னு கணக்குல வரணும்னா பேச்சு இருக்கற ஸ்தாயில ரெண்டு காதுலயும் 60 டெசிபலாவது இழப்பு இருக்கணும். என்ன மாதிரி 4000ல மட்டும் குழி விழுந்தவனுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

5. முதல் நாள்: மாட்டக் கத்துக்கறது மட்டும்

அன்னிக்கு வேற ஒரு வேலையும் வெச்சுக்காதீங்க. மேஜை மேல மெத்துனு ஒரு துண்ட விரிச்சு, கண்ணாடி முன்னாடி உக்காந்து பத்து தடவ மாட்டி பத்து தடவ கழட்டுங்க. துண்டு எதுக்குன்னா கை தவறி தரைல விழுந்தா டைல்ஸ் மிஷின மன்னிக்காது.

செவப்பு புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. மிஷின காதுக்குப் பின்னாடி வெச்சுட்டு, ஒரு கையால காத மேலயும் பின்னாடியும் லேசா இழுத்தா ஓட்டை நேராகும், அப்ப டோம (ஒயர் நுனில காதுக்குள்ள போற மெத்துனு இருக்கற குமிழ்) உள்ள தள்ளுங்க. ஒயர் கன்னத்தோட ஒட்டி இருக்கணும், வெளிய வளைஞ்சு நின்னுச்சுன்னா டோம் உள்ள போகலன்னு அர்த்தம். எந்நேரமும் விசில் அடிச்சாலும் அதே காரணம்தான். கைய பக்கத்துல கொண்டு போனா, யாராவது கட்டிப் புடிச்சா விசில் வந்துட்டுப் போறது சகஜம்.

செல் போடுறவங்களுக்கு: ஸ்டிக்கர உரிச்ச உடனே போட்டு மூடாதீங்க, 3லருந்து 5 நிமிஷம் வெளிய வெச்சிருங்க. இந்த செல் காத்த உள்ள இழுத்துத்தான் வேலை செய்யும், உடனே மூடுனா சீக்கிரம் செத்துரும். திரும்ப ஸ்டிக்கர ஒட்டி மிச்சம் புடிக்கலாம்னு பாக்காதீங்க, உரிச்சா உரிச்சதுதான்.

6. முதல் ரெண்டு வாரம்: வீட்ட விட்டு வெளிய வேண்டாம்

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க, அதனால கொஞ்சம் வெவரமா.

பல வருசமா அந்த மேல் ஸ்தாயி சத்தம் மூளைக்குப் போகவே இல்ல. இப்ப திடீர்னு கதவத் தெறந்து விட்ட மாதிரி எல்லாம் உள்ள வரும்போது எது முக்கியம் எது குப்பைன்னு மூளைக்குத் தெரியாது. எனக்கு முதல் நாள் காலைல பேப்பர விரிச்சப்ப காஞ்ச சோளத்தட்டுல தீ புடிச்ச மாதிரி இருந்துச்சு, கீழ போட்டுட்டேன். ஃபேன் ஒரு பக்கம், ஃபிரிட்ஜ் ஒரு பக்கம், என் செருப்பு சத்தம் எனக்கே பின்னாடி யாரோ வர்ற மாதிரி. முறுக்கு சாப்பிட்டா ஜல்லி மிஷின் ஓடுது. எங்க பெரியம்மா "ஏன்டா கண்ணு, இது என்னடா எந்நேரமும் கரகரங்குது"ன்னு கேட்டுச்சு, பாத்தா அதோட கண்டாங்கிச் சேலை காத ஒரசுற சத்தம்.

பண்ண வேண்டியது இதுதான். காலைல ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளும் ரெண்டு வேளையிலயும் அரை அரை மணி நேரம் கூட்டுங்க, ரெண்டாவது வாரம் முடியறப்ப எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் போட்டிருக்கணும். முடிஞ்சவங்க முதல் நாள்ல இருந்தே முழு நாளும் போடலாம், தப்பில்ல. விட்டு விட்டு "தேவைப்படுறப்ப மட்டும்" போடுறதுதான் தப்பு, மூளை ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

புதுசா ஒரு சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயி அது என்னன்னு கண்டுபுடிங்க, தெரியலன்னா பேரன் பேத்திய கேளுங்க. "ஓ இது தண்ணி குழாய் சொட்டுறது"ன்னு ஒரு தடவ பேரு வெச்சுட்டா அடுத்த வாரம் அது தானா பின்னாடி போயிரும், பேரு தெரியாத சத்தம்தான் எரிச்சலக் கெளப்பும்.

தினமும் பத்து நிமிஷம் பேப்பர சத்தமா படிங்க. ஆரம்பத்துல உங்க குரல் உங்களுக்கே குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும், பாதி இதுலயே பழகிரும். ரெண்டு வாரத்துக்கு அப்பறமும் அப்படியே இருந்தா டோம் மாத்தணும், ஆடியாலஜிஸ்ட்கிட்ட சொல்லுங்க.

வலி மட்டும் பொறுத்துக்கக் கூடாது. சத்தம் விசித்திரமா இருந்தா பழகும், காது புண்ணானா, டம்ளர் விழுந்தப்ப சுளீர்னு குத்துனா அது செட்டிங் தப்பு, அடுத்த நாளே போங்க.

7. மூணாவது வாரம்: ஒரு ஆள், அப்பறம் டிவி, அப்பறம் தெரு

முதல்ல ஒரே ஒரு ஆள் கூட அமைதியான ரூம்ல பேசுங்க, மூஞ்சிக்கு நேரா, ஒரு ரெண்டு மூணு அடி தூரத்துல. வீட்ல சொல்லி வெக்க வேண்டியது: மொதல்ல பேரச் சொல்லிக் கூப்புடணும், நான் திரும்புனதுக்கு அப்பறம் பேசணும், கத்தக் கூடாது. கத்துனா வார்த்தை இன்னும் கொழகொழன்னு ஆகும், வாய் அசைவும் மாறிரும். மிக்சி ஓடுறப்ப பேசவே வேண்டாம், அது நல்ல காதுக்காரங்களுக்கே கேக்காது.

டிவில நியூஸ்ல ஆரம்பிங்க. சீரியல் வேண்டாம், வசனத்துக்குப் பின்னாடி எந்நேரமும் பேக்ரவுண்ட் மியூசிக் ஓடும், அதுல பேச்சப் பிரிக்கறது கஷ்டம்.

போன் வந்தா காது ஓட்டைல வெக்காதீங்க, மைக் காதுக்கு மேல இருக்கற மிஷின்ல இருக்கு, போன கொஞ்சம் மேல தூக்கி அங்க வெச்சாத்தான் கேக்கும். இது தெரியாம "போன் மட்டும் கேக்கவே மாட்டேங்குது"ன்னு திட்டுனவங்கள எண்ண முடியாது.

8. கல்யாண மண்டபம் கடைசில

ஆறு வாரம் தாண்டட்டும். அப்பவும் எல்லாமே கேட்டுரும்னு நெனைக்காதீங்க, கூட்டத்துல பேச்சப் பிரிக்கறது எந்த வெலை மிஷினுக்கும் கஷ்டம்தான். நிறைய மிஷின்ல மைக் முன்னாடி இருக்கறத ஜாஸ்தியா புடிக்கிற மாதிரி இருக்கும், அதனால மேளம், ஸ்பீக்கர் முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி உக்காந்து, பேச வேண்டிய ஆள எதுக்க உக்கார வெய்ங்க. பந்தில ஓரத்து எலை நல்லது, ஒரு பக்கம் சுவர்.

இன்னொண்ணு, தறிக்காரங்க கண்டிப்பா கவனிங்க. மிஷின அணைச்சு காதுல வெச்சுட்டா சத்தம் உள்ள போகாதுன்னு நெனைக்கறாங்க. டோம்ல ஓட்டை இருக்கு, எல்லாம் உள்ள போகும். தறி ஓட்டுறப்ப மிஷினக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டு இயர் ப்ளக்கோ இயர் மஃப்போ போடுங்க. 85 டெசிபல்ல 8 மணி நேரம்ங்கறதுதான் அளவு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுறதுக்கும் அந்த நேரம் பாதியாகும், 94 டெசிபல்ல ஒரு மணி நேரத்தோட முடிஞ்சது கணக்கு. தறி குடோன்ல நிக்கிறது 12 மணி நேரம்.

9. ராத்திரி இரைச்சல்

பகல்ல மிஷின் போட்டா இரைச்சல் பலருக்கும் அமுங்கிப் போகும், எனக்கும் அப்படித்தான். காதுல இருந்து சத்தம் வராதப்ப மூளை ரேடியோவுல வால்யூம தூக்குற மாதிரி தூக்குது, ஸ்டேஷன் இல்லாத எடத்துல இரைச்சல்தான வரும். மிஷின் ஸ்டேஷனத் திருப்பிக் குடுக்குது. பிரச்சனை ராத்திரி, மிஷினக் கழட்டுனவுடனே ரூம் அமைதி, உள்ள சில்வண்டுக் கூட்டம்.

எல்லாரும் பண்ற தப்பு கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி அமைதியா படுக்கறது. அமைதிதான் இரைச்சலுக்குச் சாப்பாடு. ஃபேன் போடுங்க, இல்ல போன்ல மழை சத்தம் வெச்சு தலைமாட்டுல இருந்து ஒரு நாலடி தள்ளி வெய்ங்க. வால்யூம் இரைச்சலுக்குக் கொஞ்சம் கீழயே இருக்கணும், ரெண்டும் சேந்து கேக்கணும். இரைச்சல முழுசா மூடுற அளவுக்கு வெச்சா மூளை அதக் கண்டுக்காம விடப் பழகாது, சத்தத்த நிறுத்துன மறு நிமிஷம் பழையபடிதான்.

நடுராத்திரி முழிப்பு வந்தா "இன்னும் கேக்குதா"ன்னு சோதிச்சுப் பாக்காதீங்க. நான் முதல் வருசம் பூரா அதத்தான் செஞ்சேன், கேக்கத்தான் செய்யும். எந்திரிச்சு உக்காந்து தண்ணி குடிச்சுட்டு, ரேடியோ மெதுவா வெச்சுட்டு படுத்தா எப்படியும் தூக்கம் வரும். காப்பிய விட்டா குறையும்னு சொன்னாங்க, ரெண்டு மாசம் விட்டுப் பாத்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, தூக்கம் கெட்ட மறுநாள் மட்டும் கண்டிப்பா ஜாஸ்தியா இருக்கும்.

இரைச்சல அடியோட நிறுத்துற மாத்திரை இன்னிக்கு வரைக்கும் எதுவும் இல்ல. விளம்பரத்த நம்பி சொட்டு மருந்து, லேகியம்னு நான் வுட்ட காசுல மிஷினுக்கு செல் டஜன் கணக்குல வாங்கியிருக்கலாம். நல்லா வேலை செய்யுறதுன்னு சொல்றது சிபிடிங்கற பேச்சு வைத்தியம், இரைச்சல் போகாது, அதப் பத்தின பயமும் எரிச்சலும் குறையும். மனசு ரொம்ப உடைஞ்சு போச்சு, வாழவே புடிக்கலங்கற அளவுக்குப் போனா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416 எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

10. நோட்டுல எழுதிட்டு திரும்ப கடைக்கு

முதல் செட்டிங்க வேணும்னே கொஞ்சம் கம்மியா வெச்சு, பழகப் பழக ஏத்துவாங்க. அதனால ரெண்டாவது வாரம், ஆறாவது வாரம், மூணாவது மாசம் போயே ஆகணும். போயி "சரியில்லீங்க"ன்னு சொன்னா ஆடியாலஜிஸ்ட் பொண்ணு என்ன பண்ணும். எங்க, யாரு, என்ன சத்தம்னு எழுதிட்டுப் போங்க: "பாத்திரம் வெளக்குறப்ப குத்துது", "பேத்தி பேசுறது புரியல, பையன் பேசுறது புரியுது", "பஸ்ல இடது பக்கம் ஓன்னு கேக்குது". ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர்ல திருப்புற எடம் வேற வேற. எத்தன மணி நேரம் போட்டீங்கன்னு நெறைய மிஷினே கணக்கு வெச்சிருக்கும், அதனால பொய் சொல்லாதீங்க, மாட்டிக்குவீங்க.

11. பராமரிப்பு, கோளாறு பாக்குற வரிசை

ராத்திரி ஒரு உலர்ந்த துணில தொடைச்சு, செல் கதவத் தெறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வெய்ங்க. நம்ம ஊரு வேர்வைக்கு இது இல்லாம ஓடாது. ஜெல் கலர் மாறுனா மாத்திருங்க. பவுடர், தேங்காண்ணெய், ஹேர் டை எல்லாம் முடிச்சுட்டு கடைசியா மிஷின் மாட்டுங்க.

திடீர்னு சத்தம் நின்னு போனா பதறாதீங்க. முதல்ல புது செல். அப்பறம் டோமக் கழட்டிப் பாத்து வேக்ஸ் கார்டு மாத்துங்க, அந்த வெள்ளை வலைல குறும்பி அடைச்சிருந்தா சத்தமே வராது, எங்கூட வந்தவங்க "மிஷின் செத்துப் போச்சு"ன்னு சொன்னதுல முக்காவாசி இதுதான். அப்பறம் காதுல குறும்பி இருக்கா. அதுக்கும் அப்பறம்தான் கடை. ஊசி விட்டு நோண்டுனா உள்ள இருக்கற ரிசீவர் (குட்டி ஸ்பீக்கர்) போயிரும்.

ஹெல்மெட்டக் கழட்டுறப்ப நிதானமா ரெண்டு கையாலயும் விரிச்சுக் கழட்டுங்க, எங்க சித்தப்பாவோட மிஷின் ஒண்ணு பல்லடம் ரோட்டுல சிக்னல்ல விழுந்து பின்னாடி வந்த லாரி ஏறிருச்சு. மாஸ்க் கயிறும் அப்படித்தான் சேத்து இழுக்கும். பழைய செல்ல கொழந்தைங்க கைக்கு எட்டாம வெய்ங்க, முழுங்கிட்டா உடனே ஆஸ்பத்திரி. நாய் வளத்துறவங்க மிஷின தலகாணிப் பக்கத்துல வெக்காதீங்க, மேல ஒட்டியிருக்கற காது வாசனைக்கு எடுத்துக் கடிச்சுரும்.